குதிரடி ராணியின் கூந்தல்

எதைப் பாக்க வந்தீங்க, ராணி கோபுரமா? வாங்க, இப்பிடி பெஞ்சில உக்காருங்க. நீங்க ஏழு மாசம் லேட்டு சார். விழுந்துடுச்சு. அதோ, ரோட்டுக்கு அந்தாண்ட தகரக் கொட்டாய் தெரியுது பாருங்க, அதுக்குப் பின்னாடி செங்கல்லு குவியலா கெடக்கே, அதுதான். போட்டோவுல பாத்துட்டு வந்திருப்பீங்க. எல்லாரும் அப்பிடித்தான் வர்றாங்க. பஸ்ஸ விட்டு எறங்கி, குவியலப் பாத்து, "இதுவா?"ன்னுட்டு என் மூஞ்சியப் பாக்குறாங்க. நான் என்ன பண்ணட்டும்? நானா இடிச்சேன்?

அவசரப்பட்டு உள்ள போயிடாதீங்க. திரும்பிப் போற பஸ்ஸு பன்னெண்டே முக்காலுக்குத்தான். அதுவுமில்லாம இன்னிக்கு வெள்ளிக்கிழமை. இப்பப் போனீங்கன்னா வயித்தப் பொரட்டும். கூட்டம் கொஞ்சம் கலையட்டும். பக்கிரி, சாருக்கு ஒரு டீ போடுப்பா, சக்கரை கம்மியா.

நான் கலியமூர்த்தி. கைடு கலியமூர்த்தின்னு பாவநாசம் வரைக்கும் கேட்டுப் பாருங்க, தெரியும். கார்டுகூட அடிச்சு வச்சிருக்கேன். இருபத்தாறு வருஷம் சார். அந்தக் கோபுரத்தப் பத்தி இந்த ஒலகத்துல வாயத் தொறந்து பேசின மொத ஆளு நான்தான். இப்ப என்னைய அந்த வாசல் பக்கம் விடமாட்டேங்குறானுங்க. என்னைய! த்தூ.

தப்பா நெனைச்சுக்காதீங்க, உங்களப் பாத்துத் துப்பல. அந்தப் பக்கம் பாத்தாலே வாயில எச்சி ஊறி வந்துடுது. அம்புட்டு அருவருப்பு.

என்னா கட்டடம் தெரியுமா அது! நாப்பது அடி ஒசரம். வட்டமா, அடி அகலமா, மேல போகப் போகக் குறுகி, உச்சி கவுத்து வச்ச கிண்ணமாட்டம் முடிஞ்சிருக்கும். வெறும் செங்கல்லும் சுண்ணாம்பும். ஒரு தூண் கெடையாது, உத்தரம் கெடையாது, சன்னல் கெடையாது. ஆளு நொழையற மாதிரி மூணே மூணு ஓட்டை. தரையோட ஒண்ணு, அதுக்கு நேர் மேல நடுவுல ஒண்ணு, உச்சிக்குக் கீழ ஒண்ணு. உள்ள நின்னு பேசினா நம்ம கொரலு நம்மளையே சுத்திட்டு வரும். நாயக்கர் காலத்துது. அதுல யாருக்கும் சந்தேகம் இல்ல.

ஊர்ப் பேரே குதிரடிதான். கண்டக்டர் அப்பிடித்தானே சொல்லி எறக்கிவிட்டான்? நெல்லுக் குதிரோட அடியில இருக்கற ஊரு. சின்னப் புள்ளையில எங்களுக்கெல்லாம் அது குதிருதான். உள்ள போயி கண்ணாமூச்சி ஆடுவோம், வௌவால் மேல கல்லெறிவோம். அதுல பாக்க என்ன இருக்குன்னு யாரும் நெனைக்கல.

அப்பறம் நான் இதே எடத்துல சைக்கிள் கடை வச்சேன். ஒரு நாளு மெட்ராஸ் வேன் ஒண்ணு ரிப்பேராகி நின்னுச்சு. கோயில் கோயிலா பாத்துட்டு வர்ற குடும்பம். கூலிங்கிளாஸ் போட்ட ஒரு அம்மா தலைய நீட்டி, "அது என்னங்க?"ன்னாங்க. நான் உள்ளதச் சொன்னேன். "நெல்லுக் குதிரும்மா. அந்தக் காலத்துல வரி நெல்ல மேல் ஓட்டை வழியாக் கொட்டுவாங்க. கொறையக் கொறைய நடு ஓட்டை, கீழ் ஓட்டைன்னு எடுப்பாங்க"ன்னேன். "ஓ, கோடவுனா"ன்னுட்டு அந்த அம்மா வேன் கண்ணாடிய ஏத்திக்கிட்டாங்க. ஏத்திக்கிட்டாங்க சார்! ஒரு மணி நேரம் வேன் நின்னுச்சு. நாப்பது அடிக் கட்டடம் எதிர நிக்குது. ஒருத்தர், ஒரே ஒருத்தர் எறங்கல. என் கன்னத்துல அறஞ்ச மாதிரி இருந்துச்சு.

அடுத்த வேன் வந்து கேட்டப்ப நான் குதிர்னு சொல்லல. "ராணிய அடைச்சு வச்ச கோபுரம்"ன்னேன். எங்கேருந்து வந்துச்சுன்னு கேக்காதீங்க, வந்துச்சு. "ராணி பேரு?"ன்னு கேட்டாங்க. எதிர செண்பகவல்லின்னு ஒரு மினி பஸ்ஸு ஆளு ஏத்திக்கிட்டு நின்னுச்சு. "செண்பகவல்லி"ன்னேன். அவ்வளவுதான், வேன்ல இருந்த பதினஞ்சு பேரும் எறங்கிட்டாங்க. பச்சப்புள்ளையத் தூக்கிக்கிட்டு எறங்கினாங்க. உள்ள போயி நின்னு மேல பாத்து ஒருத்தர் கண்ணத் தொடைச்சாரு.

பொய்யின்னு மட்டும் சொல்லிடாதீங்க. பொய்யிங்கறது ஒருத்தனக் கெடுக்கறதுக்குச் சொல்றது. நான் யாரைக் கெடுத்தேன்? அனாதையா நின்ன கட்டடத்துக்கு ஒரு உசுரு குடுத்தேன்.

கதையக் கேளுங்க. யுத்தத்துக்குப் போன ராஜா திரும்பி வர்றாரு. எவனோ கோள் சொல்லிட்டான். ராணி மேல சந்தேகம். உள்ள வச்சு கீழ் வாசலச் சுவரெழுப்பி மூடிடறாங்க. நடு வாசல் வழியா சோறு எறக்குறாங்க. அவ தொடல. மேல் வாசல்ல போயி உக்காந்து, தலைமயிர விரிச்சுப் போட்டுக்கிட்டு காவேரியவே பாத்துக்கிட்டிருக்கா. எப்பிடி ஏறினான்னு இருபத்தாறு வருஷத்துல ஒருத்தனும் கேட்டதில்ல சார், அதான் கதை. ஒம்பதாம் நாளு ராஜாவுக்கு உண்மை தெரிஞ்சு ஓடியாந்து சுவர இடிக்கிறாரு. உக்காந்தவ உக்காந்தபடி. உசுரு இல்ல. இதச் சொல்லிட்டு நான் ஒரு நிமிஷம் பேசாம நிப்பேன். அந்த ஒரு நிமிஷத்துல எத்தன பொம்பளைங்க மூக்க உறிஞ்சியிருக்காங்க தெரியுமா?

சைக்கிள் கடைய மூடிட்டேன். அப்பறம் பெரிய பஸ்ஸும் இங்க நிக்க ஆரம்பிச்சுச்சு, டீக்கடை வந்துச்சு. இந்தப் பக்கிரி இன்னிக்கு டீ ஆத்துறான்னா அது செண்பகவல்லி புண்ணியம். அந்தப் புண்ணியம் என்னோடது.

இப்ப அசிங்கத்துக்கு வர்றேன். பத்து வருஷம் இருக்கும், உச்சியில ஒரு அரசங்கன்னு மொளச்சுச்சு. காக்கா போட்ட வெதை. யாராவது ஏறிப் புடுங்கியிருக்கலாம், யாரும் புடுங்கல. நான் எதுக்கு ஏறணும், எனக்கு என்ன சம்பளமா குடுத்தாங்க? அது மரமாச்சு. வேரு சுவருக்குள்ள நொழைஞ்சு, மேல் ஓட்டை வழியா வெளிய வந்து தொங்குச்சு. மெல்லிசா, கருப்பா, கத்தை கத்தையா. ஒரு தடவை காலேஜ் புள்ளைங்க வந்தப்ப ஒரு பொண்ணு, "அங்கிள், அது என்ன தொங்குது?"ன்னு கேட்டுச்சு. நான் கொஞ்சங்கூட யோசிக்கல. "செண்பகவல்லி கூந்தல்மா. செத்தும் வளந்துக்கிட்டு இருக்கு"ன்னேன். அந்தப் பொண்ணுக்குக் கை மயிரு சிலுத்துக்கிட்டு நின்னத இந்தக் கண்ணால பாத்தேன். அன்னிக்குப் பூரா எனக்குப் பசிக்கவே இல்ல.

அத அழகாத்தானே சார் சொன்னேன்? அழகா இருந்தத எங்க கொண்டுபோயி விட்டானுங்க பாருங்க. பக்கத்து ஊரு மேலப்படுகையில வேம்புன்னு ஒருத்தி. அவ மகளுக்கு டைபாய்டு வந்து தலைமயிரெல்லாம் கொட்டிப்போச்சு. வேம்பு வந்து, நடு ஓட்டை வரைக்கும் எறங்கியிருந்த வேருக்கு ஏணி வச்சு ஏறி, தேங்கா எண்ணெ தடவி, சீப்பால சீவி, மல்லிப்பூ வச்சுட்டுப் போனா. மூணே மாசத்துல மகளுக்கு முடி வந்துடுச்சு. காச்சல்ல கொட்டினது திரும்ப வராம எங்க போகும்? ஆனா உலை வாய மூடலாம், ஊர் வாய மூட முடியுமா? அடுத்த வெள்ளிக்கிழமை நாப்பது பேரு. அதுக்கடுத்த வாரம் டிராக்டர்ல வர்றாளுங்க.

சொல்லவே குமட்டுது சார். வழுக்கைக்காரன் வர்றான், பொடுகுக்காரி வர்றா. சுவரு பூரா எண்ணெ வழியுது. அந்த எண்ணெயில புழுதி ஒட்டி, ஈ மொய்க்குது. அது போதாதுன்னு, வீட்டுல சீவி உதுந்த முடியெல்லாம் சேத்து வச்சு, உருட்டிக் கொண்டாந்து செங்கல் சந்துல சொருகுறாளுங்க. நாயக்கர் காலத்துச் சுண்ணாம்புக் கட்டு சார் அது! அதுல சிக்கு முடி. கருப்பு, செம்பட்டை, நரை. சொருகிட்டு "தாயே, எம்மவளுக்கு இடுப்பு வரைக்கும் குடு"ன்னு கன்னத்துல போட்டுக்கறா. உடைஞ்ச சீப்பு காலுல குத்துது. ஷாம்பூ காகிதம் காத்துல பறக்குது. நான் கதை சொல்லிக்கிட்டு நிக்கறேன், ஒருத்தி என் தோளப் புடிச்சுத் தள்ளிட்டு, "நவுரு பெருசு, தாயிக்குச் சிக்கெடுக்கணும்"ங்கறா. சீ!

எங்க வீட்டுலயும் நடந்துச்சு, மறைக்க என்ன இருக்கு. என் பொஞ்சாதி தையல்நாயகி. மூட்டு வலியில மாடிப்படி ஏறமாட்டா, வெள்ளிக்கிழமை ஆனா எண்ணெக் கிண்ணத்தத் தூக்கிக்கிட்டு மொத ஆளா நிப்பா. "ஏண்டி, அது வேருடி"ன்னேன். "நீங்கதானங்க கூந்தல்னு சொன்னீங்க"ங்கறா. ஊருக்குச் சொல்றதெல்லாம் வீட்டுக்குமா? இந்த வித்தியாசம் தெரியாத ஜென்மத்தோட முப்பத்தஞ்சு வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கேன்.

இதுக்கு நடுவுல ரஹீமா மேடம்னு ஒருத்தங்க வந்தாங்க. காலேஜ்ல சரித்திரம் சொல்லிக் குடுக்கறவங்க. சின்ன வயசுதான். டேப்பு, நோட்டு, டார்ச்சு எல்லாம் எடுத்துக்கிட்டு ஒரு மாசம் அளந்தாங்க. எண்ணெயில வழுக்கி ரெண்டு தடவை விழுந்தாங்க. ஒரு நாளு என் பக்கத்துல வந்து உக்காந்து, "ஐயா, இது நெற்களஞ்சியம்"னாங்க. ஏதோ எனக்குத் தெரியாத மாதிரி! அதோட விட்டாங்களா? பழைய ஓலைச்சுவடி எங்கேயோ புடிச்சிருக்காங்க. "தாது வருஷப் பஞ்சத்துல இதக் காவலோட பூட்டி வச்சிருந்தாங்க ஐயா. அப்ப இருந்த கணக்குப்பிள்ளை ஒருத்தர், மேலிடத்து உத்தரவு வர்றதுக்கு முன்னாடியே கீழ் வாசலத் தொறந்துவிட்டு, நாப்பது நாளு கஞ்சி காய்ச்சி ஊத்தியிருக்காரு. பதினோரு ஊருக்கு. அதுக்காக அவரு ஜெயிலுக்குப் போயிருக்காரு. உங்க முப்பாட்டன்கூட இங்க வந்து கஞ்சி குடிச்சிருப்பாரு ஐயா"ன்னாங்க. சொல்லும்போது அந்தப் பொண்ணு கண்ணு பளபளன்னு இருக்கு.

எனக்கு எரிஞ்சுது. எங்க குடும்பத்தப் பஞ்சத்துல கஞ்சிக்கு நின்ன கூட்டம்னு சொல்லுது சார். மூஞ்சிக்கு நேரா! அதுவுமில்லாம, கஞ்சி பாக்க எவன் வருவான்? ராணிக்கு எறங்கின வேன் கணக்குப்பிள்ளைக்கு எறங்குமா? "மேடம், நீங்க படிச்சவங்க. ஆனா ஜனங்களத் தெரியாது உங்களுக்கு"ன்னேன்.

அவங்க கோச்சுக்கல. "கதை இருக்கட்டும் ஐயா. மரத்த வெட்டணும். வேரு சுவரப் பொளக்குது. இந்த மழைக்கு நிக்காது. தொல்லியல் துறையில பேசினேன், ஆளு அனுப்ப ஒத்துக்கிட்டாங்க"ன்னாங்க. சொன்ன மாதிரி நாலு ஆளு ரம்பத்தோட வந்தானுங்க. அவ்வளவுதான், மேலப்படுகைப் பொம்பளைங்க நூறு பேரு குறுக்க படுத்துட்டாளுங்க. "தாயி தலையில கத்தி வைப்பியா"ன்னு ஒருத்தி மண்ண வாரித் தூத்துறா. வந்தவனுங்க ரம்பத்த லாரியில போட்டுக்கிட்டுப் போயிட்டானுங்க.

அப்பறம் ஒரு சண்டை. மேலப்படுகைக்காரன் ஆடி வெள்ளிக்கு, "செண்பகவல்லி எங்க ஊருப் பொண்ணு"ன்னு சொல்லி, பொறந்த வீட்டுச் சீரு கொண்டாந்தான். தாம்பாளத்துல மஞ்சள், வளையல், எண்ணெ, சீப்பு, மேளதாளத்தோட. கீழப்படுகைக்காரன் விடுவானா? "எங்க ஊருலதான் பொறந்தா, மொதச் சீரு எங்களுது"ன்னு அவன் ஒரு தாம்பாளம். பஸ்ஸு போர்டுல பொறந்தவளுக்கு ரெண்டு ஊருல பொறந்த வீடு! தாம்பாளத்தாலயே அடிச்சுக்கிட்டானுங்க. மூணு பேருக்கு மண்டை ஒடஞ்சுது. ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல அமைதிக் கூட்டம் போட்டாங்க. சீரு யாருக்கு, மரத்த வெட்டறதா வேண்டாமா, ரெண்டையும் அங்கயே பேசி முடிச்சிடறதுன்னு ஏற்பாடு.

கூட்டத்துக்கு மொத நாளு ரஹீமா மேடம் என் வீட்டுக்கே வந்தாங்க. "ஐயா, எங்கிட்ட ஓலை இருக்கு. ஆனா ஓலைய யாரும் நம்பமாட்டாங்க. உங்களத்தான் நம்புவாங்க. அது வேருதான், கதை நான் சொன்னதுன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும். மழைக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்கு. கட்டடம் பொழச்சுக்கும்"னு கையெடுத்துக் கும்பிட்டாங்க. அந்தக் கும்பிடு எனக்குப் பிடிச்சிருந்துச்சு. சரின்னுதான் சொன்னேன். சத்தியமா சொல்றேன், சொல்லிடணும்னுதான் போனேன்.

அங்க போனா, மேலப்படுகை தனராசு எந்திரிச்சுக் கதை சொல்றான். நெல்லு மெஷின் வச்சிருக்கறவன், சீருக்கு முன்னால நின்னவன். என்ன சொல்றான் தெரியுமா? "தாயி மேல் வாசல்லேருந்து குதிச்சு உசுர விட்டா"ங்கறான். குதிச்சாளாம்! கீழப்படுகைக்காரன் எந்திரிச்சு, "இல்ல, வெஷம் குடிச்சா"ங்கறான். எனக்குக் காது ரெண்டும் கொதிக்குது. உக்காந்தவ உக்காந்தபடி போனவ சார் அவ! இருபத்தாறு வருஷம் பொத்திப் பொத்தி வளத்தத ரெண்டு மடப்பயலுவ சேந்து நார் நாராக் கிழிக்குறானுங்க.

அந்த நேரம் பாத்து ஆர்.டி.ஓ. ஐயா, "கைடு கலியமூர்த்தி யாரு? நீங்க சொல்லுங்க. அது வேரா, கூந்தலா?"ன்னாரு. ரஹீமா மேடம் என்னையவே பாக்குறாங்க. வராண்டாவுல பொம்பளைங்களோட என் பொஞ்சாதி எட்டிப் பாக்குறா.

நான் எந்திரிச்சேன். மொதல்ல அவனுங்க தப்பத் திருத்தணும்ல? யுத்தத்துலேருந்து ஆரம்பிச்சேன். கோள் சொன்னது, சுவரு எழுப்பினது, சோத்தத் தொடாதது. இருபது நிமிஷம் சார். என் வாழ்க்கையில அப்பிடி ஒரு நாளும் சொன்னதில்ல. உக்காந்தபடி உசுரு போச்சுன்னு சொல்லிட்டு நிறுத்தினேன். ஆர்.டி.ஓ. ஐயா கண்ணாடியக் கழட்டித் தொடைச்சாரு. டவாலி போட்ட பியூன் அழுவுறான். தனராசு வாயப் பொளந்துக்கிட்டு நிக்கறான். அந்த எடத்துல போயி வேருன்னு எப்பிடி சார் சொல்றது? "கூந்தல்தான்யா. ஆனா எண்ணெ தடவணும்னு நான் ஒரு நாளும் சொன்னதில்ல. அது இவனுங்களாச் சேத்துக்கிட்டது. அத மொதல்ல நிறுத்தணும்"னு அடிச்சுச் சொன்னேன். அத எழுதிக்கச் சொன்னேன்.

அத எழுதல. ஜனங்க நம்பிக்கைக்கு மதிப்புக் குடுத்து மரத்தத் தொடக்கூடாது, ஒரு வருஷம் மேலப்படுகை, ஒரு வருஷம் கீழப்படுகைன்னு சீரு மாத்திக்கலாம்னு எழுதி எல்லாருகிட்டயும் கையெழுத்து வாங்கிட்டாங்க. படி எறங்கும்போது ரஹீமா மேடம் எதிர வந்தாங்க. "நல்லா சொன்னீங்க ஐயா"ன்னாங்க. படிச்சவங்க பாராட்டுனா அது தனிதான், இல்லீங்களா?

கார்த்திகையில மூணு நாளு வுடாத மழை. நாலாம் நாளு காலையில பத்து மணிக்கு நான் இதே பெஞ்சில உக்காந்திருக்கேன். மொதல்ல ஒரு சத்தம், மாடு பெருமூச்சு விட்ட மாதிரி. அப்பறம் உச்சி உள்ள எறங்குச்சு. அப்பறம் தெக்குச் சுவரு. மரம் அப்பிடியே சாஞ்சு செங்கல் மேல படுத்துச்சு. மழைக்குப் பயந்து அன்னிக்கு யாரும் வரல, அதனால உசுருச் சேதம் இல்ல. நான் டம்ளரக் கையில வச்சுக்கிட்டே நிக்கறேன்.

அப்பறம் கிட்ட போயிப் பாத்தேன். ஒடஞ்ச சுவரு அடியில, தரைச் செங்கல் சந்துலேருந்து, நெல்லு. கருத்துப்போன நெல்லு. மழைத் தண்ணியில மொதந்து மொதந்து வெளிய வருது. ஒரு கை அள்ளினேன். உமி ஒட்டிக்கிச்சு. எந்தக் காலத்து நெல்லோ. மோந்துகூடப் பாத்தேன், பொய் சொல்லல. அப்பறம் கைய வேட்டியில தொடைச்சுட்டேன். யாராவது பாத்துத் தொலைச்சா?

மத்தியானமே ரஹீமா மேடம் வந்துட்டாங்க. அந்த மழையில குத்துக்கால் போட்டு உக்காந்து, ஒவ்வொண்ணாப் பொறுக்கி ஒரு பிளாஸ்டிக் கவர்ல போட்டாங்க. நான் குடையப் புடிச்சேன். குடை வேண்டாம்னாங்க. அதுக்கப்பறம் இந்தப் பக்கம் வரவே இல்ல. நான் அவங்களுக்கு என்ன கெடுதி பண்ணேன்? நீங்களே சொல்லுங்க.

சரி, கட்டடந்தான் போச்சு, சனியன் எண்ணெயாவது ஒழிஞ்சுதுன்னு நெனைச்சேன். ஒழியுமா? "தாயி சிறைய ஒடச்சுக்கிட்டு வெளிய வந்துட்டா"ன்னுட்டானுங்க! ரெண்டு ஊருக்காரனும் கட்டிப் புடிச்சுக்கிட்டானுங்க. சாஞ்ச மரத்துக்கு முட்டுக் குடுத்து, மேல தகரக் கொட்டாய் போட்டு, நாயக்கர் காலத்துச் செங்கல்லயே எடுத்து மேடை கட்டி, அதுல பாத்ரூம் டைல்ஸ் ஒட்டியிருக்கானுங்க. பச்சைக் கலரு. பாத்தீங்கன்னா சாப்பாடு எறங்காது.

அதையும் பொறுத்துக்கிட்டேன். போன மாசம் கருங்கல்லுல தல வரலாறுன்னு ஒண்ணு வெட்டி வச்சாங்க. படிக்கப் போனேன். யுத்தம், கோள், ஒம்பதாம் நாளு, உக்காந்தவ உக்காந்தபடி. வார்த்தைக்கு வார்த்தை நான் சொன்னது சார்! நான் நிறுத்துற எடத்துல கல்லுலயும் புள்ளி வச்சிருக்கான். கீழ என்ன போட்டிருக்கான்? "பெரியோர்கள் வாய்மொழியாகச் சொல்லிவந்தது." அதுக்கும் கீழ எழுபத்திரண்டு ஆளுங்களோட பேரு. பந்தல் போட்டவன் பேரு இருக்கு. மைக்செட்டுக்காரன் பேரு இருக்கு. கலியமூர்த்தின்னு தேடறேன், தேடறேன். இல்ல.

தனராசப் போயிக் கேட்டேன். "தாயி கதைக்கு நீ யாருய்யா?"ன்னான். நான் யாரா? அங்கேயே, கூட்டத்துக்கு நடுவுல, கத்திட்டேன். "டேய், கதைய நான்டா கட்டினேன்! அது நெல்லுக் குதிருடா! செண்பகவல்லிங்கறது பஸ்ஸுடா! அது முடி இல்லடா, வேருடா!"ன்னு தொண்டை கிழியக் கத்தினேன். இருபத்தாறு வருஷத்துல மொத தடவையா உண்மைய, முழு உண்மைய, மூச்சு வாங்கச் சொன்னேன்.

என்ன பண்ணானுங்க தெரியுமா? சிரிச்சானுங்க. அப்பறம் தனராசு என் தோள் மேல கையப் போட்டு, பொறுமையா, புத்தி சொல்ற மாதிரி சொல்றான்: "பெருசு, அந்த நேரத்துல அந்த பஸ்ஸ அங்க கொண்டாந்து நிறுத்துனது யாரு? தாயிதான். உன் வாயில வந்து பேசுனது யாரு? தாயிதான். நீ வெறும் கொழாய்யா. தண்ணி அவளுது." கூட்டம் குலவை போடுது. என் பொஞ்சாதி ஓடியாந்து எல்லாருக்கும் முன்னாடி என் காலு முட்டிய மடக்கி மண்டி போட வச்சு, நெத்தி நெறைய திருநீறப் பூசி, "தாயே, புத்தி கெட்டுப் பேசிட்டாரு, மன்னிச்சுக்க"ன்னு அழுவுறா. அந்த எண்ணெத் தரையில மண்டி போட்டேன் சார். எவளோ ஒருத்தியோட சிக்கு முடி என் கையில சுத்திக்கிச்சு. இன்னும் கையக் கழுவிக்கிட்டே இருக்கேன். போகமாட்டேங்குது.

அன்னியிலேருந்து உள்ள விடறதில்ல. தாயியப் பழிச்சவனாம். நான்!

பேசிப் பேசி உங்க டீய ஆற வச்சுட்டேன். ஆனா ஒண்ணு, மனசு லேசாச்சு. படிச்சவரு, பொறுமையாக் கேட்டீங்க, குறுக்க ஒரு கேள்வி போடல. ஒரு மனுஷனாவது உண்மையத் தெரிஞ்சுக்கிட்டுப் போறாரேன்னு இருக்கு. கூட்டமும் கலைஞ்சுடுச்சு, போயிட்டு வாங்க. தெக்குப் பக்கம் தரையப் பாருங்க, செங்கல் சந்துல இன்னும் ரெண்டொரு நெல்லு கெடந்தாலும் கெடக்கும். டைல்ஸப் பாக்காதீங்க, சிரிப்பு வரும், வெளிய வந்து சிரிங்க. ரோட்டுல மணல் லாரி வரும், பாத்துக் கடங்க.

பாத்தியா பக்கிரி, ஆளு எவ்வளவு தெளிவா கேட்டுக்கிட்டாரு. இந்த மாதிரி ஆளுங்க இருக்கறதாலதான்...

சார்? ஏன் சார் வாசல்லயே நின்னுட்டீங்க? நேரா போங்க, தடுக்கமாட்டாங்க. என்னையத்தான் விடமாட்டாங்க.

சார்! செருப்ப எதுக்கு சார் கழட்டுறீங்க?